கை வரையக் கற்கும் மகள்



கவின் கலைக் கல்லூரியில் சேர விரும்புவதாக மகள் சொன்ன மாலையில் எங்கள் வீட்டில் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் குடியிருக்கும் எங்களைப் போன்றோர்க்குப் படிப்பு என்பது ஆலைவாசலில் கொண்டுபோய் விடும் படிப்புதான்: மெக்கானிக்கல் டிப்ளமோ, இயன்றால் பொறியியல். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியது முதல் இங்கே அதுவே கணக்கு. 2014இல் நோக்கியா ஆலை மூடப்பட்டபோதும் அந்தக் கணக்கு மாறவில்லை.

நன்னாவின் தயக்கம் வேறு. உருவம் வரைவோரைக் குறித்து ஹதீஸ்களில் வந்துள்ள கடும் எச்சரிக்கையை அவர் நினைவூட்டினார். அதை மறுக்க எங்களால் இயலவில்லை, மகளும் மறுக்கவில்லை. படம் வரைவதே தம் பிழைப்பு என்று ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து சொன்னதையும், அவர்கள் அவரை எச்சரித்துவிட்டு, விட இயலாதெனில் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையும்படி கூறியதையும் எடுத்துச் சொன்னாள். அதுவும் புகாரியில் உள்ளதுதான். பிறகு, "மெஷினுக்கு உயிர் இல்லைதானே நன்னா?" என்று கேட்டாள்.

அப்படிக் கேட்கக் காரணம் இருந்தது. எங்களில் ஒருவருக்கு ஒரகடத்து உதிரிபாக ஆலையொன்றில், பிரஸ் பிரிவில் மேற்பார்வை வேலை. பீகார், ஒடிசா இளைஞர்கள் அங்கே மிகுதி. இயந்திரத்தருகே தொங்கிய செயல்முறை அட்டை முழுவதும் தமிழும் ஆங்கிலமுமாக நெருக்கிய எழுத்து. ஓர் இரவு ஷிப்டில் ஒடிசா இளைஞன் ஒருவனின் விரல்நுனி நசுங்கிவிட்டது. அவ்விரு மொழிகளில் ஒன்றும் அவனுக்கு வாசிக்கத் தெரியாது. மறுநாள் அந்த அட்டையின் நகலை வீட்டில் விரித்துவைத்து நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மகள் பென்சிலை எடுத்தாள். ஆறு கட்டங்கள் வரைந்தாள். தகடு எங்கே அமர வேண்டும், கைகள் எப்போது விலக வேண்டும், இரண்டு பொத்தான்களையும் எப்படி ஒருசேர அழுத்த வேண்டும் என்பதெல்லாம் ஓரெழுத்தும் இன்றி விளங்கின. ஆனால் நான்காம் கட்டத்தில் இடக்கையில் கட்டைவிரல் வலக்கைக்கு உரிய பக்கத்தில் இருந்தது. ஆலையில் அதைப் பார்த்த பீகார்த் தம்பி ஒருவர் தம் கையை நீட்டிக் காட்டிச் சிரித்தார். ஒரு கையைச் சரியாக வரைவதற்கே நான்காண்டுப் படிப்பு வேண்டும்போலும் என்று எங்களுக்கு அன்றுதான் உறைத்தது.

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளியின் வழிவந்தது. தொழிற்கலைப் பள்ளி என்றும் ஒருகாலத்தில் அதற்குப் பெயர் இருந்தது. ஓவியர் ஆதிமூலமும் டிராட்ஸ்கி மருதுவும் பயின்ற இடம். எங்கள் ஊர் வழியே பெங்களூருக்குப் போகும் சாலையே கிழக்கே பூந்தமல்லி நெடுஞ்சாலையாகி அக்கல்லூரி வாசலைத் தொடுகிறது என்பதில் எங்களுக்கு ஒரு சிறு ஆறுதல்.

அங்கே சேர்ந்த பின்னர் அவள் எங்களுக்கு அறிமுகப்படுத்தியவர் அல்ஜஸரி. தியார்பக்கிர் அரசவையில் பணியாற்றிய அவர், 1206இல் முடித்த நூலில் நீரேற்றும் பொறிகளையும் நீர்க்கடிகாரங்களையும் வரைந்து, உறுப்புதோறும் அரபு எழுத்தால் குறியிட்டு விளக்கினார். அந்தப் படங்களைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்த நன்னா, "இது நம்ம ஆளு செஞ்சதா?" என்று இருமுறை கேட்டார். சில படங்களில் மனித உருவங்களும் உண்டு. அவற்றை அவர் பேசாமல் தள்ளிவிட்டார்.

கல்லூரியில் மனித உருவம் வரையும் வகுப்பும் இருக்கிறது. அதுபற்றி நாங்கள் கேட்ட ஆலிம், அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளைப் பொறுமையாக விளக்கினார். முடிவை எங்களிடமே விட்டார். மகள் வகுப்பில் வரைகிறாள், வீட்டுச் சுவரில் மாட்டுவதில்லை. நன்னா அதைப் பற்றிக் கேட்பதில்லை. இந்த ஏற்பாடு எத்தனை நாளைக்கு என்று எங்களுக்கும் தெரியாது.

சென்ற விடுமுறையில் மக்தப் பிள்ளைகளுக்காக ஒளுச் செய்யும் முறையைக் கட்டம் கட்டமாக வரைந்து வந்தாள். முகம் இல்லை, கைகளும் கால்களும் நீரும் மட்டும். நன்னா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"குதிகால்ல தண்ணி படவே இல்லையே, பிள்ளை."

அவள் அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு மீண்டும் வரைய உட்கார்ந்தாள்.