சல்லடைக்காரரும் சலவை நீரும்

சிவகாசிக்குப் பட்டாசு வாங்கப் பிரயாணம் செய்வோர் பலர். நான் போனதோ, வீட்டுச் சலவை இயந்திரத்தின் கழிவுநீரோடு ஓடிப்போகும் பிளாஸ்டிக் இழைகளைத் தடுக்க ஒரு சல்லடை கட்டி வாங்குவதற்காக. பாலியஸ்டர், அக்ரிலிக் போன்ற துணிகள் துவைக்குந்தோறும் கண்ணுக்குப் புலப்படாத இழைகளை உதிர்க்கின்றன. ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் வெளிவரக்கூடும் என்று 2016-இல் இங்கிலாந்தின் பிளிமத் சர்வகலாசாலையார் கணித்தார்கள். இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியோடு கூடி மன்னார் வளைகுடாவில் கலக்கும் வைப்பாறு, மழைக்காலத்தில் நம் தெருச் சாக்கடைகளையும் ஏந்திச் செல்கிறது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

முதலில் குழாய் முனையில் ஒரு நைலான் காலுறையைக் கட்டிப் பார்த்தேன்; அரை மணி நேரத்தில் அது அடைத்துக்கொள்ள, நீர் எதிர்த்து வந்து இயந்திரமே நின்றுபோயிற்று. அதன்பின்தான், வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் நாள்தோறும் சலிக்கிற ஊரில் இதற்கு உபாயம் தெரிந்தவர் இருப்பார் என்று தோன்றியது.

குறுகிய தெருவொன்றில், திண்ணையையே பட்டறையாகக் கொண்டு சல்லடை கட்டும் பெரியவர் ஒருவர், "எதைச் சலிக்கணும்?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். சுருட்டி வைத்திருந்த பித்தளை வலைகளை ஒவ்வொன்றாக விரித்து, கட்டைவிரல் நகத்தால் வருடி, எழுந்த ஒலியைக் கொண்டே "இது அறுபது, இது நூறு" என்றார். அங்குலத்துக்கு நூறு கம்பி ஓடும் வலையில் ஒரு கண்ணின் அகலம் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். இழையின் பருமன் அதனினும் மிகக் குறைவாயிற்றே என்று என் சந்தேகத்தை வெளியிட்டேன்.

"தலைமுடி செங்குத்தா விழுந்தா இறங்கிரும் தம்பி, படுத்துக்கிட்டா இறங்காது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு வைங்க. நாலு தடவை ஓடினபெறகு தங்கின பஞ்சே சல்லடையாயிரும்."

அந்த ஒரு வார்த்தையில் காரியத்தின் சூட்சுமம் முழுதும் அடங்கியிருந்தது. "அடைக்குதுன்னா வாய் பத்தலைன்னு அர்த்தம்" என்று சொல்லி, வாளியின் வாயளவுக்கு இரண்டு வளையங்கள் வளைத்து, வலையின் ஓரத்தை மடித்துச் செருகி, சுற்றிலும் ஈயம் பற்றவைத்தார். வலை துவளாமலும், இழுபட்டுக் கண் விரியாமலும் அவருடைய இடக்கை விரல்கள் அதைத் தாங்கிக்கொண்டிருந்த பக்குவத்தை எந்த நூலிலும் நான் கற்றிருக்க முடியாது.

பட்டாசு ஆலையில் வெகுகாலம் வேலை செய்த அவர் மனைவி, நான் பாலியஸ்டரைப் பற்றிப் பேசியதைக் கேட்டு, "நைலான் சேலை கட்டிட்டுப் போனா எங்களை உள்ளயே விடமாட்டாக. நூல் சேலைதான். வாசல் தகட்டைத் தொட்டுட்டுத்தான் மருந்து ரூமுக்குள்ள போகணும்" என்றார். செயற்கை இழை உராய்ந்தால் மின்னேற்றம் கொள்ளும். அதன் ஒரு பொறி உயிர்களைக் கொண்டுபோகும். உயிருக்கு அஞ்சிப் பருத்தியை உடுத்தும் இத்தொழிலாளர் வீட்டுச் சலவை நீரில் பிளாஸ்டிக் குறைவாகத்தான் இருக்கும். மிகுதியாகக் கலப்பது என்னைப் போன்றோர் வீட்டு நீரில்தான் என்பது என்னை வெட்கப்படச் செய்தது.

கனடாவில் பாரி சவுண்ட் என்னும் சிற்றூரில் 97 வீடுகளில் வடிகட்டி பொருத்தியபின், ஊர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் இழைகள் கணிசமாகக் குறைந்தன என்று 2021-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. சுத்திகரிப்பு நிலையமே இல்லாத நம் ஊர்களில், வீட்டு வாசலிலேயே தடுப்பதைத் தவிர வேறு மார்க்கம் எனக்குத் தென்படவில்லை.

இப்போது கொல்லைப்புறத்தில் வாளியின்மேல் இரண்டு சல்லடைகளும் அடுக்கியிருக்கின்றன. இயந்திரத்தின் குழாய் அவற்றுக்கு மேலே திறந்திருக்க, நீர் தடையின்றி விழுகிறது. தங்கும் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் பட்ட பாடெல்லாம் வீண். ஆகையால் வெயிலில் உலர்த்தி, ஓலைத் துடைப்பத்தின் ஈர்க்கால் வழித்து எடுக்கிறேன். சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டுபோல், ஒரே படலமாக அது உரிந்து வருகிறது. அதில் ஒரு துணுக்கைத் தாளில் மடித்து, அடுத்த முறை போகும்போது பெரியவரிடம் காட்டுவதற்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.