புற்றுமண்ணும் புற ஊதா ஒளியும்

சங்கரன்கோவில்காரர்களுக்குத் தோல் நோய் என்றதும் நினைவுக்கு வருவது சங்கரநாராயணர் கோவில் புற்றுமண்தான். எங்கள் பெரியம்மாவின் இடுப்பிலும் தொடையிலும் செந்நிறத் திட்டுக்கள் தோன்றியபோது நாங்களும் அதைத்தான் குழைத்துப் பூசினோம். சிலர் படை என்றார்கள், சிலர் கரப்பான் என்றார்கள். ஆறு ஆண்டுகள் கழித்துத் தோலில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்த பிறகே, அது தோலில் கண்ட லிம்ஃபோமா என்று தெரிந்தது. புற்றுக்குப் புற்றுமண் பூசியிருக்கிறோம்.

இந்நோயில் புற்றாக மாறுபவை உடலைக் காக்க வேண்டிய டி செல்களே. காவலனே கள்வனானால் யாரை ஏவுவது?

மருத்துவர் தந்தது சோரலன் வகை மாத்திரை. விழுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, புற ஊதா விளக்குகள் சூழ்ந்த கூண்டுக்குள் நிற்க வேண்டும். ஒளி படும்வரை மருந்து சும்மா கிடக்கும்; பட்டதும் செல்லின் டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்து அதை மடியச் செய்யும். நலங்கு மாவில் சேர்க்கிறோமே கார்போக அரிசி, அதில் இருப்பதும் சோரலனே. வெண்புள்ளிக்கு அதைப் பூசி வெயில் காட்டும் வைத்தியம் நம் நாட்டில் மிகப் பழையது.

இதே வகை மருந்தையும் ஒளியையும் அமெரிக்காவின் ரிச்சர்ட் எடல்சன் வேறு விதமாகக் கையாண்டார். இரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, மருந்தும் ஒளியும் ஏற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் முறை. 1988இல் அங்கே ஒப்புதல் பெற்றது. ஒளி தொடுவது நோய்ச் செல்களில் சிறு பங்கை மட்டுமே. ஆயினும் சிலருக்கு, ஒளி தொடாதவையும் குறைந்துவிடுகின்றன. மடியும் செல்களை டெண்டிரிடிக் செல்கள் விழுங்கி, அவற்றின் அடையாளத்தை நல்ல டி செல்களுக்குக் காட்டிக்கொடுக்கின்றன என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். விந்தை என்னவென்றால், பொருத்திய உறுப்பை உடல் எதிர்க்கும்போது அந்த எதிர்ப்பைத் தணிக்கவும் இம்முறை பயன்படுகிறது. கூண்டின் ஒளியோ தோலின் காவலை மட்டுப்படுத்தவே செய்கிறது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேறு தோல் புற்றுக்கும் இடம் தரும். மருத்துவர் அதையும் எங்களிடம் மறைக்கவில்லை.

பெரியம்மாவுக்கு இந்தக் கணக்குகள் பொருட்டில்லை. மாத்திரை நாளில் வெயிலில் போகக்கூடாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக்கூடாது என்பதுதான் அவரது மனக்குறை. ஆடித்தபசும் ஒரு மாத்திரை நாளிலேயே வந்தது. "வெளிச்சத்தாலதான் தீரும்ங்காங்க, வெளிச்சத்துக்கே ஒளிஞ்சிக்கவும் சொல்லுதாங்க" என்றார்.

அன்று மாலை தெற்கு ரத வீதியில், முக்காட்டுக்குள் கறுப்புக் கண்ணாடியோடு எங்கள் நடுவே நின்றார். சங்கரநாராயணர் காட்சி தந்த கணத்தில் கண்ணாடியைக் கழற்றப் போன கையை நாங்கள் பிடித்துக்கொண்டோம்.