பெட்டியின் காய்ச்சல்

எங்கள் மாடியறையிலுள்ள ஹாம் வானொலி 100 வாட் அனுப்புவதற்கு, 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 20 ஆம்பியர் மின்சாரம் உண்ணும். அலையாய் வெளியேறுவது போக, 170 வாட்டுக்கு மேல் வெப்பமாய் உள்ளேயே தங்கிவிடும். சித்திரை வெயிலில் அது தானே ஆற்றலைத் தணித்துக்கொண்டது. ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடை இணைத்துப் பார்த்தோம்; காய்ச்சல் நீங்கவில்லை. ஆகவே கோளாறு பெட்டிக்குள்தான். விசிறியிலும் வெப்பத்தகட்டிலும் படிந்திருந்த தூசியை நீக்கினோம், தணிந்தது.

இப்போது 50 வாட்டிலேயே பேசுகிறோம். ஆற்றல் பாதியானாலும் மறுமுனையில் குறைவது 3 டெசிபல் மட்டுமே. கேட்பவர் அதைப் பெரிதாய் உணர்வதில்லை.

2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் அந்தமானின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, போர்ட் பிளேரிலிருந்த ஹாம் அன்பர்களே உற்றாரின் நலச்செய்திகளை நிலத்துக்குக் கடத்தினர். அப்படியொரு நாளில் எங்கள் பெட்டியும் மணிக்கணக்கில் உழைக்க வேண்டும். அதற்காகவே அதைக் குளிரக் காத்துவருகிறோம்.