மொத்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது

எங்கள் தொப்பம்பட்டிப் பக்கத்தில் இப்போது மருந்தடிக்கும் பேட்டரி மிஷின் இல்லாத தோட்டம் குறைவு. மக்காச்சோளத்தில் படைப்புழு வந்த பிறகு அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. முருங்கைக்கும் அதுதான். மிஷினுக்குள் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி இருக்கும். அது செத்துப்போனால் புதிதாக வாங்க வேண்டும்.

என் தங்கச்சி மகன் டிப்ளமோ படித்தவன். காசு கொடுத்து வாங்குவானேன் என்று, பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து லித்தியம் செல்களை எடுத்தான். நான்கு நான்கு செல்லாகப் பக்க இணைப்பில் மூன்று கட்டு. அந்த மூன்றையும் தொடராகக் கோத்து மிஷினுக்குள் வைத்துவிட்டான். எடை பாதி குறைந்துவிட்டது.

சிக்கல் சார்ஜரில்தான். பழைய சார்ஜர் ஈய பேட்டரிக்கானது, 14 வோல்ட்டுக்கு மேல் தரும். லித்தியம் கட்டு ஒன்றுக்கு 4.2 வோல்ட்தான் எல்லை. மூன்றுக்கும் சேர்த்து 12.6. அதைத் தாண்டாமல் வெட்டிவிட ஒரு சர்க்யூட்டும் அவனே செய்தான். டி.எல்.431 என்ற சிறிய ஐ.சி., ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே, நாலைந்து ரெசிஸ்டர். அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயங்காலம் போன். "மாமா, பன்னண்டு புள்ளி ஏழு போயிருச்சுங்க. ரிலே விட மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து பாருங்க."

"மொதல்ல பிளக்கைப் புடுங்கு மாப்ள" என்று சொல்லிவிட்டு மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் கோளாறு சீக்கிரம் பிடிபட்டது. டி.எல்.431 தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் அது முழுதாக இழுத்தாலும் அதன் முனையில் 2 வோல்ட் போல மிச்சம் நிற்கும். டிரான்சிஸ்டர் விழித்திருக்க 0.7 வோல்ட் போதும். அப்புறம் ரிலே எப்படி விடும்? நடுவில் ஒரு ஜீனர் டையோடு போட்டதும் விட்டது.

விட்டதும் அடுத்தது வந்தது. டக் டக் டக் என்று ரிலே பல்லி மாதிரி கத்த ஆரம்பித்துவிட்டது. சார்ஜ் ஏறும்போது பேட்டரி முனையில் வோல்ட்டேஜ் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், வெட்டியவுடன் இறங்கிவிடும். இறங்கியதும் சர்க்யூட் 'இன்னும் இடமிருக்கிறது' என்று மறுபடி சேர்க்கும், மறுபடி வெட்டும். இப்படியே விட்டால் ரிலேயின் முனைகள் பொறி பட்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் 14 வோல்ட்டைத் தடுக்க ஆளில்லை. டிரான்சிஸ்டரின் கலெக்டரிலிருந்து ஐ.சி.யின் அளவு பார்க்கும் காலுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டரைக் கொடுத்தோம். 12.6-இல் வெட்டியது, 12-க்கு இறங்கினால்தான் சேர்த்தது. சத்தம் நின்றது.

மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "முடிஞ்சுதுங்க மாமா."

நான் மீட்டரைக் கீழே வைக்கவில்லை. ஒவ்வொரு கட்டாக அளந்தேன். 4.10, 4.12, மூன்றாவது 4.38. கூட்டிப் பாருங்கள், சரியாக 12.60. மொத்தக் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் ஒரு கட்டு எல்லையைத் தாண்டி நிற்கிறது. பழைய செல்களில் நைந்தவை சீக்கிரம் நிறைந்துவிடும். மற்றவை நிறையும் வரை இதன் தலையில் ஏறிக்கொண்டே இருக்கும்.

தொலைபேசி நிலையத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் பேட்டரி அறையில் 24 செல்கள் வரிசையாக நிற்கும். மொத்த வோல்ட்டேஜ் மீட்டரிலேயே தெரியும். ஆனாலும் முறை வைத்து ஒவ்வொரு செல்லாக அளந்து, ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அத்தனைக்கும் ஈய பேட்டரி பொறுமைசாலி. ஒரு செல் முன்னால் நிறைந்தால் குமிழி விட்டுத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு, மற்றவை வந்து சேரும் வரை காத்திருக்கும். 1859-இல் பிறந்த கிழவன் அது. 1991-இல் கடைக்கு வந்த லித்தியம் அயானுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அளவு மீறினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், சூடேறும். அதனுள் இருக்கும் திரவமோ தீப்பிடிக்கக்கூடியது.

இதையெல்லாம் சொன்னபோது அவன் கேட்டான்: "கடையில வாங்கிப் போடறதுன்னா, நான் கத்துக்கிட்டது எதுக்குங்க மாமா?"

நியாயமான கேள்விதான். நான் திண்ணையைக் காட்டினேன். மிஷின் ராத்திரியில் சார்ஜ் ஏறும் இடம் அது. நாலடி தள்ளி அவன் அப்பத்தாவின் கட்டில். 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் தகப்பனும் 13 வயது மகளும் மூச்சுத்திணறிப் போனது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த வருடம் இப்படிப் பல தீ விபத்துகள். அதன் பிறகுதான் வண்டி பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளை மத்திய அரசு இறுக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. கம்பெனி வண்டிக்கு அந்தச் சோதனைகள் உண்டு. நம் வீட்டுத் திண்ணையில் செய்ததைச் சோதிக்க யார் வருவார்கள்? நாம்தான்.

அவன் ஒன்றும் பேசவில்லை. மிஷினைத் தூக்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனான்.

அடுத்த வாரம் நைந்த கட்டைப் பிரித்து எறிந்து, ஒரே அளவு தாங்கும் செல்களாகப் பொறுக்கிக் கட்டினோம். மூன்று கட்டையும் தனித்தனியாகக் கவனிக்கும் சிறு பாதுகாப்புப் பலகை கடையில் கிடைக்கிறது. ஒரு பாட்டில் மருந்து விலைகூட ஆகாது. அதைப் போட்டோம். சார்ஜரையும் 12.6 வோல்ட் தருவதாக மாற்றினோம். அவன் செய்த சர்க்யூட்டை எறியவில்லை. என்றைக்காவது சார்ஜர் கெட்டு அளவு மீறினால் வெட்டட்டும் என்று 12.8-இல் வைத்தோம். வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சப்ளையை வைத்து மெல்ல ஏற்றி, அது வெட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடினோம். வேலை செய்து பார்க்காத பாதுகாப்பை நம்பித் தூங்கக் கூடாது.

உங்கள் வீட்டிலும் பேரன்மார் இப்படி ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள். தடுக்க வேண்டாம். மொத்த வோல்ட்டேஜ் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், ஒவ்வொரு செல்லும் எவ்வளவு என்று கேளுங்கள். சார்ஜ் போடுவது பகலில், ஆள் இருக்கும்போது, படுக்கையும் வைக்கோலும் இல்லாத இடத்தில் இருக்கட்டும்.

எங்கள் மாப்பிள்ளை இப்போது மாதம் ஒரு முறை அளந்து, மோட்டார் ரூம் சுவரில் சாக்பீஸால் எழுதி வைக்கிறான். போன மாதக் கணக்கு: 4.17, 4.16, 4.17.