ஸ்டியரிங்குக்கு ஒரு தோல் சட்டை

போன மே மாதம் காட்பாடி மேம்பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது உள்ளங்கையில் சுருக்கென்று ஏதோ குத்தியது. ஓரம் கட்டிப் பார்த்தால், ஸ்டியரிங்கில் மாட்டியிருந்த ரெக்சின் உறையைக் கிழித்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் சில்லு எட்டிப் பார்க்கிறது. பக்கத்து சீட்டில் என் மனைவி. "வண்டிக்குப் பல் முளைச்சிடுச்சா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் பிறகு சொல்கிறேன்.

எங்களுடையது பிரீமியர் பத்மினி, 1984 மாடல், பம்பாய் குர்லாவில் செய்தது. மூலம் இத்தாலியின் ஃபியட் 1100 என்பதால் நான் இன்றும் ஃபியட் என்றுதான் சொல்வேன். எழுபதுகளில்தான் சித்தூர் ராணி பத்மினியின் பெயரை வைத்தார்கள். நம் பக்கத்துச் சித்தூர் இல்லை, ராஜஸ்தான் சித்தூர்! 1993-இல் வங்கிக் கடன் போட்டு செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். மகளின் கல்யாணப் பத்திரிகையை ஊர் ஊராகக் கொண்டுபோய் வைத்தது இந்த வண்டியில்தான்.

பழைய ஸ்டியரிங் என்பது உள்ளே இரும்பு வளையம், மேலே கெட்டிப் பிளாஸ்டிக். வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரியாது, குளிர்ந்தால் ஒரே அளவில் சுருங்காது. வருஷம் ஆக ஆகப் பிளாஸ்டிக் வறண்டு சுருங்கும், இரும்பு விட்டுக்கொடுக்காது. அப்புறம் வெடிக்காமல் என்ன செய்யும்? அதுவும் எங்கள் வேலூர் வெயில். வெடிப்பு வழியாகக் கை வியர்வை உள்ளே இறங்கினால் இரும்பில் துரு.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். அந்த வெடிப்புகளை நான் பல வருஷம் முன்பே பார்த்துவிட்டேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று கடையில் ஒரு ரெக்சின் உறை வாங்கி மாட்டினேன். கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் கவலையும் இல்லை.

அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் கணக்கு எழுதியவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறும் வாசனை அவர் சட்டையோடு வீட்டுக்குள் வரும். பிற்பாடு குரோம் வந்தது, ஷூ ஏற்றுமதி வந்தது, பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டன. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை போனது அந்த வழக்கு. அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு ரெக்சின் போட்டு ஓட்டுகிறாயே என்று ஒரு நண்பர் கேலி செய்து, ஆம்பூரில் ஒரு பாயிடம் அனுப்பினார். ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் தோல் வெட்டித் தைத்தவர். இப்போது வீட்டுத் திண்ணையில் சில்லறை வேலை.

பாய் முதலில் உறையைக் கத்தியால் அறுத்து எடுத்தார். வளையமும் ஆரமும் சேரும் இடத்தில் பிளாஸ்டிக்கே இல்லை. இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், இது மேல தோல் போட்டா பளபளன்னு இருக்கும். ஆனா நான் மூடிட்டா அப்புறம் யார் கண்ணுக்கும் தெரியாது. வண்டியில யார் கூட வராங்க?"

"வீட்டுக்காரம்மாதான், பாய்."

"அப்போ மொதல்ல மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வாங்க. தோல் எங்க போயிடப் போவுது?"

மெக்கானிக் ஸ்டியரிங்கைக் கழற்றி ஆரத்தை லேசாக வளைத்துப் பார்த்தார். வெல்டிங் பாதி விட்டிருந்தது. ஒரு அவசரத் திருப்பலில் கையோடு வந்திருக்கலாம் என்றார். ஒட்டு வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து இன்னொரு ஸ்டியரிங் வாங்கி வந்தேன். அதிலும் இரண்டு வெடிப்பு, ஆனால் இரும்பு நன்றாக இருந்தது. வெடிப்பை வாய்க்கால் மாதிரி அகலப்படுத்தி, தூசி போகத் துடைத்து, அரால்டைட் நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம்.

மறுபடி ஆம்பூர். ஆட்டுத் தோல் போதும், மெல்லிசு ஆனால் கெட்டி என்றார் பாய். வளையத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே வெட்டினார். இழுத்துத் தைத்தால்தான் சுருக்கம் விழாதாம். ஓரத்தைக் கத்தியால் சீவி மெல்லிசாக்கி, பசை தடவி, மெழுகு பூசிய நூலை இரண்டு ஊசியில் கோத்து உள்பக்கமாகத் தைத்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று. கூலி தொள்ளாயிரம் ரூபாய். நான் சேர்த்துக் கொடுத்ததை வாங்கவில்லை.

பிரியாணிப் பொட்டலத்தோடு வீடு திரும்பி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பழைய வெடிப்பை மறைத்தது உட்பட. "உறை மாட்டின அன்னிக்கே கேட்டேனே, உள்ள என்னன்னு. ஒண்ணுமில்லேன்னீங்க" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் சி.எம்.சி.க்குப் போகும்போது வழக்கம்போல என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள்.

உங்களிடம் பழைய வண்டி இருந்து, அதன் ஸ்டியரிங்கில் உறையும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு தரம் கழற்றிப் பாருங்கள்.