பூ ஒரு தடவை, பணம் மாதாமாதம்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை தினமும் ஏறும், இறங்கும். முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் சொன்ன காசைக் கொடுத்தால் கணக்கு அங்கேயே முடிந்தது. அடுத்த மாதம் எந்தப் பூக்காரம்மாவும் வீடு தேடி வந்து மறுபடி காசு கேட்பதில்லை.

இணையத்தில் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள்! அமெரிக்காவில் பூ அனுப்பும் தளங்கள் உட்படப் பல கடைகளில், பணம் கட்டியதும் "தள்ளுபடி வேண்டுமா?" என்று ஒரு பெட்டி வந்தது. சரி என்றால் வேறொரு கம்பெனியின் மாதச் சந்தா ஆரம்பம். கார்டு எண்ணை அந்தக் கடையே கொடுத்துவிடும். இப்படி வசூலானது 140 கோடி டாலருக்கும் மேல் என்று 2009-ல் செனட் குழு சொன்னது. 2010-ல் இதைத் தடுக்கச் சட்டம் வந்தது.

இங்கே? 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகப் பணம் எடுக்கும் முன் பொதுவாக 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். 2023 நவம்பரில் மத்திய அரசு 13 விதமான இணைய ஏமாற்று வேலைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. கேட்காததைக் கூடையில் நுழைப்பதும், விலக முடியாத சந்தாவும் அதில் உண்டு. புகாருக்கு 1915.

விதி இருந்தும் மாட்டிக்கொள்வது ஏன்? சிங்கப்பூரிலிருந்து அம்மாவின் பிறந்தநாளுக்குப் பூ அனுப்பும் மகன் அவசரத்தில் இருப்பான், பாசத்தில் இருப்பான். ஏற்கெனவே போட்டிருக்கும் டிக் அவன் கண்ணில் படாது. பிடிப்பதும் சின்னத் தொகைதான், யார் கவனிப்பார்கள்?

முழம் போடும்போது பூக்காரம்மாவின் கையையே பார்க்கிற ஊர் இது. பணம் கட்டும் முன் அந்தக் கடைசிப் பக்கத்தையும் அப்படிப் பார்த்தால் போதும்.