வாக்குக் கேட்கும் காலமும் வாக்கைக் காக்கும் காலமும்

தேர்தல் காலத்தில் வேட்பாளர் ஒருவர் விலைவாசியைப் பற்றிப் பேசினால் மக்கள் செவிசாய்க்கின்றனர்; வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசினால் கைதட்டுகின்றனர். விசாரணையின்றிச் சிறையில் கிடக்கும் முகமறியாத ஒருவனின் உரிமையைப் பற்றிப் பேசினாலோ, கூட்டம் மெல்லக் கலைகிறது. ஆயினும், ஆட்சிப் பொறுப்பை நாடி வருபவரின் உள்ளத்தை அளந்தறிய இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை என்பது நம் நெடுநாளைய எண்ணம். தமக்கு வாக்களிக்கவே இயலாதவனுக்காக அவர் என்ன சொல்கிறார், என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும்.

இவ்வெண்ணத்தோடுதான் 2007, 2008 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன்னோடியாக நடந்த உட்கட்சித் தேர்தல்களை நாம் கவனித்து வந்தோம். அந்நாட்டில் கட்சித் தலைமை தன் வேட்பாளரைத் தானே அறிவித்துவிடுவதில்லை. மாநிலம் மாநிலமாக மக்களே, 'பிரைமரி' என்னும் வாக்குப்பதிவிலோ 'காக்கஸ்' என்னும் ஊர்க்கூட்டத்திலோ கூடித் தேர்ந்தெடுக்கின்றனர். நாம் ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகளாகக் கோடிட்டோம். வேட்பாளர் மேடையில் சொன்னதை முதற்பத்தியிலும், நாடாளுமன்றத்தில் அவர் அளித்த வாக்கை இரண்டாவதிலும் எழுதி, மூன்றாம் பத்தியைப் பிற்காலத்துக்கென விட்டுவைத்தோம்.

எழுதுவதற்குச் செய்திகள் நிறையவே இருந்தன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்து, அரசின் கண்காணிப்பு அதிகாரத்தை வெகுவாக விரிக்கும் 'பேட்ரியாட் சட்டம்' அதே அக்டோபரில் நிறைவேறியது. செனட் அவையில் ஆதரவு 98, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. 2002 ஜனவரியில் குவாண்டனாமோ கடற்படைத் தளத்தில் கைதிகள் அடைக்கப்படலாயினர். நீதிமன்ற அனுமதியின்றியே தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்ட செய்தியை 2005 டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்டது. 2006 இல் வந்த சட்டமோ, குவாண்டனாமோ கைதிகள் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்யும் வழியையே அடைத்தது.

வேட்பாளருள் கத்தோலிக்கர் பலர் இருந்தமையால் நம் ஆர்வம் மிகுந்தது. ஆனால் மதம் ஒன்றாயிருப்பதால் மனச்சான்றின் தீர்ப்பும் ஒன்றாயிருப்பதில்லை. டென்னிஸ் குசினிச் 2001 லேயே பிரதிநிதிகள் சபையில் பேட்ரியாட் சட்டத்தை எதிர்த்தவர். ரூடி ஜூலியானியோ, 2007 மே 15 அன்று தென் கரோலினாவில் நடந்த குடியரசுக் கட்சி விவாதத்தில், சித்திரவதை கூடாது என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டு, விசாரிப்போர் தமக்குத் தோன்றும் எல்லா முறைகளையும் கையாளலாம் என்றார். அதே மேடையில் மிட் ராம்னி குவாண்டனாமோவை இருமடங்காக்க வேண்டும் என்றார். வியட்நாமில் ஐந்தரை ஆண்டுகள் சிறைப்பட்டு வதைபட்ட ஜான் மெக்கெய்ன் சித்திரவதைக்கு எதிராகப் பேசினார். பேட்ரியாட் சட்டத்தை அன்றே எதிர்த்த ரான் பாலும் அக்கட்சியின் வேட்பாளராக அங்கு நின்றார்.

இவர்களுள் நம் நெஞ்சில் நிலைத்தவர் மக்களாட்சிக் கட்சியின் செனட்டர் கிறிஸ்டோபர் டாட். அவரும் கத்தோலிக்கரே, 2001 இல் பேட்ரியாட் சட்டத்தை ஆதரித்தவருங்கூட. முதற்களமான ஐயோவா மாநிலத்தில் வெல்ல வேண்டும் என்று குடும்பத்தோடு அங்கேயே குடிபெயர்ந்திருந்தார். அவ்வேளையில், ஒட்டுக்கேட்க உதவிய தொலைபேசி நிறுவனங்கள் மீது எவரும் வழக்குத் தொடர முடியாதபடி பாதுகாப்பளிக்கும் மசோதா செனட்டுக்கு வந்தது. ஊர்க்கூட்டத்துக்கு மூன்று வாரங்கூட இல்லை. வேட்பாளர்கள் ஒவ்வொரு கைகுலுக்கலையும் எண்ணிக்கொண்டிருந்த நேரம். 2007 டிசம்பர் 17 அன்று டாட் பிரச்சாரத்தை விட்டுத் தலைநகர் திரும்பினார். மணிக்கணக்காக அவையில் நின்று அம்மசோதாவுக்கு எதிராகப் பேசினார். அன்றிரவே அவைத்தலைவர்கள் அதனைத் தற்காலிகமாக விலக்கிக்கொண்டனர்.

2008 ஜனவரி 3 அன்று ஐயோவா தீர்ப்பளித்தது. டாட்டுக்குக் கிடைத்த ஆதரவு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அன்றிரவே அவர் போட்டியிலிருந்து விலகினார்.

ஐயோவாவில் வென்றவர் பராக் ஒபாமா. தொலைபேசி நிறுவனங்களுக்குப் பாதுகாப்பளிக்கும் மசோதாவை எழவிடாமல் தடுக்கும் முயற்சிக்குத் துணைநிற்பார் என்று அவரது பிரச்சாரக் குழு 2007 அக்டோபரில் அறிவித்திருந்தது. 2008 ஜூலை 9 அன்று, கட்சி வேட்பாளராக உறுதியாகிவிட்ட நிலையில், அப்பாதுகாப்பை நீக்கும் திருத்தத்தை ஆதரித்தார்; திருத்தம் தோற்றபின் மசோதாவுக்கே ஆதரவாக வாக்களித்தார். 69 க்கு 28 என்ற கணக்கில் அது நிறைவேறியது. போட்டியில் தோற்றிருந்த ஹிலாரி கிளின்டன் எதிர்த்து வாக்களித்தார். மெக்கெய்ன் அன்று அவையில் இல்லை. அவரும் அவ்வாண்டு பிப்ரவரியில், ராணுவ விதிநூல் அனுமதிக்கும் விசாரணை முறைகளையே உளவுத்துறையும் பின்பற்ற வேண்டும் என்ற மசோதாவை எதிர்த்திருந்தார்.

மூன்றாம் பத்தி நிரம்பப் பல ஆண்டுகள் ஆயின. பதவியேற்ற இரண்டாம் நாளே, 2009 ஜனவரி 22 இல், ஒபாமா கொடிய விசாரணை முறைகளைத் தடைசெய்தார். குவாண்டனாமோவை ஓராண்டுக்குள் மூடவும் ஆணையிட்டார். முதல் ஆணை நின்றது. இரண்டாவதற்கு நாடாளுமன்றம் முட்டுக்கட்டை போட்டது. 242 ஆக இருந்த கைதிகள் அவர் பதவி விலகுகையில் 41 ஆகக் குறைந்திருந்தனர். சிறை இன்றும் மூடப்படவில்லை. மெக்கெய்னோ, 2008 இல் தாம் எதிர்த்த அதே விசாரணைக் கட்டுப்பாட்டை 2015 இல் தாமே முன்னின்று சட்டமாக்கினார்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், அரசியல்வாதிகள் எல்லாரும் ஒன்றே என்று சலித்துக்கொள்ள நம் மனம் ஒப்பவில்லை. அவர்கள் ஒன்றல்லர் என்பதற்கு டாட் சான்று. வாக்குக் கேட்கும் காலத்தில் வளைந்தவரும் பிறகு நிமிர இயலும் என்பதற்கு மெக்கெய்ன் சான்று. ஆனால் வளைய வைத்தது எது? மக்கள் எதற்கு வாக்களிக்கின்றனர் என்பதை வேட்பாளர்கள் கூர்ந்து படிக்கின்றனர். எதற்கு வாக்களிக்கவில்லை என்பதையோ அதைவிடக் கூர்ந்து படிக்கின்றனர். பிறர் உரிமைக்காகப் பிரச்சாரத்தை விட்டுச் சென்றவருக்கு ஒரு விழுக்காடுகூடக் கிட்டவில்லை எனில், அடுத்து வருபவர் அதிலிருந்து என்ன கற்பார்?

ஆகவே, வேட்பாளரின் கொள்கையை அறிந்துகொள்வதோடு வாக்காளரின் கடமை முடிந்துவிடுவதில்லை. அக்கொள்கைக்காக அவர் எதை இழந்தார் என்று கேட்க வேண்டும். இழந்தவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம் என்பதை அவரும், அவருக்குப் பின் வருவோரும் அறியச் செய்ய வேண்டும். வாக்குப்பெட்டியை நெருங்கவே வழியில்லாமல் கம்பிகளுக்குப் பின்னே இருப்பவனுக்கு, வெளியே நிற்கும் வாக்காளரின் இந்த நினைவைத் தவிர வேறு துணை ஏது?